முறைக்காவல்

மூன்று கிணற்று மோட்டாரின் செம்புக் கம்பி போனபின்
பால் சொசைட்டி சுவரில் சீட்டு ஒட்டினார் தசரதன்.
வீட்டுக்கு ஓர் ஆள். ராத்திரிக்கு நாலு பேர்.
ஆள் வராத வீடு இருநூறு கட்டணும்.
எங்கள் வீட்டுக்கு நேரே பெயர் இல்லை,
'நகரி தறிக்காரன் வீடு, செவ்வாய்'
என்று மட்டும் இருந்தது.

தறிக்காரனுக்கு வாரத்தில் ஆறு ராத்திரி தறியோடு.
அந்த இருநூறுக்கு எங்கள் வீட்டில் வேறு வேலை இருந்தது.
பத்து மணிக்குத் துண்டைத் தலையில் சுற்றி
டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டு நானே போய் நின்றேன்.
"பொம்பளையா?" என்றார்.
"திருடன் கேட்டுட்டா வருவான்?" என்றேன்.
பால் ஊற்றும் ஜெகநாதன் மட்டும் சிரித்தான்.

திருடன் ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறான்.
எங்கள் ஊரில் எல்லோருக்கும் இது தெரியும்.
இரண்டு மணிக்கு ஓடை முனையில் போய் நின்றால்
அந்தப் பக்கமும் நாலு டார்ச்.
திருடன் எங்கள் பக்கத்திலிருந்து வருகிறான் என்று
அவர்களுக்கும் தெரியும்.
"எவரு அக்கட?"
"மேமே!"
நாங்கதான், நாங்கதான்.
பேட்டரி தீர்ந்த நாளில் இரண்டு கட்டை
மணலில் உருண்டு வந்தது அங்கிருந்து.

என் சினையாடு காணாமல் போனபோது
ஸ்டேஷனில் கேட்டார்கள்,
எந்தக் கரையில் நின்றது?
தண்ணி குடிச்சிக்கிட்டு இருந்துச்சு சார்.
முன்காலு எங்க, பின்காலு எங்க?
எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவிட்டு
அந்தப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போகச் சொன்னார்கள்.
போனேன். அங்கே தெலுங்கில் அதே கேள்வி.

ஆட்டை விடுங்கள்.
சொல்ல வந்தது கல்லைப் பற்றி.

கிழக்கு வரப்புக் கடைசியில் சர்வே கல்.
அதன் தலையில் வெட்டிய அம்புக்குறி
என் கிணற்றைப் பார்த்தபடி இருக்கும்.
மடை திருப்பப் போகும்போதெல்லாம்
மண்வெட்டியை அதில்தான் சாய்ப்பேன்.
வேர்க்கடலை பிடுங்கிய வாரம் சாய்த்தேன்,
மண்வெட்டி கீழே விழுந்தது.
கல் நாலடி தள்ளி நிற்கிறது.
அம்பு தசரதனின் மாமரத்தைப் பார்க்கிறது.
பழைய குழியில் புது மண், மேலே கடலைக்கொடி,
யாரோ குழந்தைக்குப் போர்த்தியதுபோல.

கல் கனம். ஓர் ஆள், ஒரு கடப்பாரை,
கேட்க யாருமில்லாத இரண்டு மணி நேரம் வேண்டும்.
நாய் குரைத்தால் "நான்தான்" என்று சொல்லும்
உரிமை வேண்டும்.

வி.ஏ.ஓ. பட்டா யார் பேரில் என்றார்.
மாமனார் பேரில்.
அவர் எங்கே?
அவர் போய் ஒன்பது வருஷம்.
அப்போ முதலில் வாரிசு, பிறகு பெயர் மாற்றம்,
பிறகு சலான், பிறகு சர்வேயர்,
சர்வேயருக்கு மூன்று பிர்கா.
கல்லுக்கு என்னம்மா அவசரம், அது எங்க ஓடப்போகுது
என்றார். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

ஓடிவிட்டதே சார் என்று நான் சொல்லவில்லை.
கணவனிடம் போனில் சொன்னேன்.
தறிச் சத்தத்தில் "என்னா? கல்லா?" என்று
மூன்று முறை கேட்டு வைத்துவிட்டான்.

ஜெகநாதனிடம் பால் கேனைக் கொடுக்கும்போது கேட்டேன்,
வெள்ளிக்கிழமை முறை யார் யார்?
சொன்னான். பிறகு கேனைப் பார்த்துக்கொண்டே,
"பெரியவர் கடைசிச் சுற்று ஒண்டியாத்தான் போவாரு,
எங்கள டீ குடிக்கச் சொல்லிடுவாரு" என்றான்.
அதற்கு மேல் சொல்ல அவனுக்கும் நிலம் இருக்கிறது,
அவர் நிலத்துக்குப் பக்கத்தில்.

சுவரில் செவ்வாயை அடித்து வெள்ளி என்று எழுதினேன்.
தறிக்காரன் வீடு என்பதையும் அடித்தேன்.
நீலாவதி. எழுத்து கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

வெள்ளி இரவு டீ வந்தது. நான் குடிக்கவில்லை.
அவர் எழுந்தார், எழுந்தேன்.
"நீ எதுக்கும்மா?"
"தூக்கம் வரல."
மாந்தோப்பு தாண்டி, என் கடலைக்காடு தாண்டி,
கல்லுக்குப் பக்கத்தில் வந்ததும்
டார்ச்சை அதன் தலையில் அடித்து
அப்படியே வைத்திருந்தேன்.
அவர் வானத்தைப் பார்த்து
மழை வருமா என்றார்.

ஓடைக்கு அப்பாலிருந்து விசில்.
"எவரு அக்கட?"
"மேமே" என்றேன்.
பக்கத்தில் அவர் வாயைத் திறக்கவில்லை.